நிறுத்தப்பட்ட லாரிகளில் பேட்டரிப் பயன்பாடும் வெற்றோட்டமும்

சரக்கு லாரி ஒன்று சாலையோரத்திலோ முனையத்திலோ தொழிற்சாலை வாயிலிலோ நிற்கும்போது, அதன் கேபினில் தங்கும் ஓட்டுநருக்கு விசிறி, விளக்கு, கைப்பேசி மின்னேற்றம் முதலியவற்றுக்காக மின்சாரம் தேவைப்படுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேட்டரியில் சேமித்துள்ள மின்சாரத்தைச் செலவிடுவது இதற்கு ஒரு வழியாகும். வண்டி நகராமல் நிற்க, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் பெறுவது மற்றொரு வழி. பின்னது வெற்றோட்டம் எனப்படுகிறது; பேச்சு வழக்கில் இதனை ஐடிலிங் என்பர். முதல் வழியில், காலையில் எஞ்சின் கிளம்பாமற் போகும் அச்சம் உண்டு. இரண்டாம் வழியில் டீசல் வீணாகிறது. புகையும் இரைச்சலும் உண்டாகின்றன. பேட்டரியைக் காப்பதற்காக வண்டியின் நிறுத்த விளக்குகளை அணைத்துவிடும் வழக்கம் இரவு விபத்துகளுக்கு வழிவகுப்பதால், இது பொதுப் பாதுகாப்பு சார்ந்த செய்தியும் ஆகும்.

இக்கட்டுரை புதுச்சேரி நகரையும் அதைச் சூழ்ந்த தொழிற்பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது. இங்குக் கூறப்படும் தொழினுட்பச் செய்திகள் தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் பொருந்துவனவே.

புதுச்சேரியில் லாரிகளின் காத்திருப்பு

புதுச்சேரி நகரின் கடற்கரைப் பகுதி, பிரெஞ்சியர் காலத்தில் அமைக்கப்பட்ட நேர்கோட்டுத் தெருக்களைக் கொண்டது. இத்தெருக்கள் பெரிய லாரிகளுக்கு ஏற்றவை அல்ல. குபேர் அங்காடி எனப்படும் பெரிய மார்க்கெட்டுக்குச் செல்லும் சரக்கில் பெரும்பகுதி சிறு வண்டிகளிலேயே நகருக்குள் வருகிறது. நெரிசல் மிகுந்த நேரங்களில் கனரக வண்டிகள் நகருக்குள் நுழையக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே லாரிகள் நகரின் விளிம்பிலேயே நின்று காத்திருக்கின்றன.

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை, கிருமாம்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. மேட்டுப்பாளையத்தில் லாரி முனையம் ஒன்றும் உள்ளது. (இது கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையம் அன்று, புதுச்சேரி நகரின் வடமேற்கே உள்ள பகுதி.) விழுப்புரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 332, திண்டிவனத்தையும் கடலூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 32 ஆகியவற்றின் ஓரங்களிலும் லாரிகள் நிற்பதைக் காணலாம். சரக்கு இறக்கும் முறைக்காகவும், திரும்பிச் செல்ல லோடு கிடைப்பதற்காகவும், நுழைவுக்கு அனுமதிக்கப்பட்ட நேரத்துக்காகவும் இவை நிற்கின்றன. சில மணி நேரத்தில் முடியும் காத்திருப்பும் உண்டு. இரண்டு மூன்று நாள் நீள்வதும் உண்டு.

புதுச்சேரியில் டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. எனவே இவ்வழியே செல்லும் லாரிகள் இங்கு எரிபொருள் நிரப்பிக்கொள்வது வழக்கம். டீசல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் எஞ்சினை ஓடவிடத் தயக்கம் குறையும் எனக் கருதலாம். ஆயினும் லாரி உரிமையாளர்கள் பலர் ஓட்டுநரிடம் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கேட்பதால், வெற்றோட்டத்தில் எரியும் டீசல் ஓட்டுநரின் கணக்கிலேயே குறைவாகத் தெரியும். இதனால்தான் இந்திய ஓட்டுநர்கள் பொதுவாக இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேட்டரியையே நம்புகின்றனர்.

முற்காலத்தில் ஓட்டுநருடன் கிளீனர் ஒருவர் செல்வது பொதுவழக்கமாக இருந்தது. ஒருவர் உறங்க மற்றவர் வண்டியைப் பார்த்துக்கொள்வார். இன்று பல லாரிகள் ஓட்டுநர் ஒருவருடனேயே செல்கின்றன. சரக்கு, டீசல், பேட்டரி ஆகிய மூன்றும் திருடுபோகக் கூடியவை என்பதால் அவர் வண்டியை விட்டு அகன்று விடுதியில் தங்க இயலாது. கேபினே அவருக்குப் படுக்கையறை ஆகிறது.

லாரியின் மின்னமைப்பு

நடுத்தர, கனரக லாரிகளின் மின்னமைப்பு 24 வோல்ட்டில் இயங்குகிறது. இதற்காக 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு, சட்டகத்தின் பக்கவாட்டில் ஒரு பெட்டியில் வைக்கப்படுகின்றன. சிறு சரக்கு வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று மட்டுமே இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 28 வோல்ட்டில் பேட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்கிறது. பழைய ஓட்டுநர்கள் ஆல்டர்னேட்டரை இன்றும் டைனமோ என்றே குறிப்பிடுவர். எஞ்சினைக் கிளப்பும் மோட்டார், செல்ஃப் மோட்டார் அல்லது சுருக்கமாகச் செல்ஃப் எனப்படுகிறது. இவ்விரு கருவிகளையும் உற்பத்தி செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்று புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் அமைந்துள்ளது.

லாரியில் பொருத்தப்படும் பேட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கென வடிவமைக்கப்பட்டது. அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. இதனால் சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை அதனால் தர முடிகிறது. இவ்வளவு பெரிய மின்னோட்டமாயினும் செலவாகும் மின்னேற்றம் மிகச் சிறிது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். 300 ஆம்பியர் வீதம் 3 வினாடி செல்ஃப் சுழன்றால் செலவாவது கால் ஆம்பியர்-மணி மட்டுமே. இதைவிடக் கூடுதலான மின்னேற்றத்தை ஒரு சிறு விசிறி அரை மணி நேரத்தில் எடுத்துக்கொள்கிறது. அவ்வாறிருக்கக் காலையில் செல்ஃப் ஏன் எடுப்பதில்லை? செல்ஃபுக்கு வேண்டுவது, பெருமளவு மின்னோட்டம் பாயும்போதும் மின்னழுத்தம் விழாமல் நிற்கும் வலிமை. பேட்டரி இறங்க இறங்க அதன் உட்தடை கூடி இவ்வலிமை குறைகிறது. விளக்கு எரியும், ஒலிப்பான் ஒலிக்கும், ஆனால் செல்ஃப் ஒரு முறை சொடுக்கிவிட்டு நின்றுவிடும்.

மெல்லிய தகடுகளைக் கொண்ட பேட்டரியை அடிக்கடி பாதிக்கும் கீழே இறக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு கெட்டியாகப் படிகிறது. பின்னர் மின்னேற்றினாலும் அது முழுவதும் கரைவதில்லை. ஓய்வு நிலையில் உள்ள பேட்டரி இணையின் மின்னழுத்தம் முழு மின்னேற்றத்தில் சுமார் 25.4 வோல்ட் ஆகவும், பாதி மின்னேற்றத்தில் சுமார் 24.4 வோல்ட் ஆகவும் இருக்கும். ஒரு வோல்ட் வேறுபாட்டுக்குள்ளேயே பாதிப் பேட்டரி அடங்கிவிடுவதால், கேபினில் உள்ள முள் காட்டியைப் பார்த்து மட்டும் இருப்பைக் கணிப்பது கடினம்.

ஓர் இரவின் கணக்கு

120 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள இரு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் கிடைக்கும் மொத்த ஆற்றல் 24 × 120 = 2880 வாட்-மணி ஆகும். தொடர் இணைப்பில் வோல்ட் மட்டுமே இரட்டிக்கும்; ஆம்பியர்-மணி 120 ஆகவே இருக்கும். இதில் பாதியை மட்டுமே தொடலாம் எனக் கொண்டால் 1440 வாட்-மணி கையில் உள்ளது.

கேபின் விசிறி 20 வாட் வீதம் 8 மணி நேரம் சுழன்றால் 160 வாட்-மணி ஆகும். கைப்பேசி இரு முறை மின்னேற்ற 30, உள்விளக்கு 10, பாட்டுப் பெட்டி இரண்டு மணி நேரத்துக்கு 40 எனக் கூட்டினால் ஓட்டுநரின் தேவை முழுவதும் 240 வாட்-மணியில் அடங்கிவிடுகிறது. அதாவது 10 ஆம்பியர்-மணி.

நிறுத்த விளக்குகள் இதைவிட அதிகம் எடுக்கும். முன்னும் பின்னும் உள்ளவை, எண் பலகை விளக்கு, கேபின் உச்சியிலும் பக்கங்களிலும் உள்ள அடையாள விளக்குகள் ஆகியன இழை பல்புகளாக இருப்பின் மொத்தம் ஏறத்தாழ 55 வாட் எனலாம். இரவு முழுவதும், பத்து மணி நேரம், 550 வாட்-மணி. இரண்டையும் சேர்த்தால் 790 வாட்-மணி, அல்லது 33 ஆம்பியர்-மணி. புதிய பேட்டரியில் இது நான்கில் ஒரு பங்கைச் சற்றே கடக்கும்; காலையில் எஞ்சின் கிளம்புவதில் இடர் இல்லை. இழை பல்புகளுக்கு மாற்றாக ஒளியுமிழ் இருமுனையம், அதாவது எல்இடி விளக்குகள் இருந்தால், விளக்குகளின் செலவு ஐந்தில் ஒன்றாகி மொத்தமும் 15 ஆம்பியர்-மணிக்குள் முடியும்.

எனினும் இக்கணக்கு புதிய பேட்டரிக்கே உரியது. மூன்று ஆண்டு வெயிலில் உழைத்த பேட்டரியின் உண்மைக் கொள்ளளவு பாதியாகக் குறைந்திருக்கலாம். அப்போது அதே 33 ஆம்பியர்-மணி, இருப்பில் பாதிக்கு மேல் எடுத்துவிடுகிறது. நேற்றுவரை சிக்கலின்றி நின்ற வண்டி இன்று கிளம்பாமைக்குக் காரணம் நேற்றிரவின் விசிறி என ஓட்டுநர்கள் நினைப்பதுண்டு. பெரும்பாலும் அது நெடுநாளாகத் தேய்ந்துவந்த கொள்ளளவின் வெளிப்பாடே.

இருப்பிடங்காட்டிக் கருவி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை வண்டி நிற்கும்போதும் சிறிதளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். ஓரிரவில் இது பொருட்டன்று. வண்டி பல வாரம் நிற்குமானால் பொருட்படுத்தத் தக்கது. அத்தகைய நேரங்களில் பேட்டரிக்கு அருகில் உள்ள கட்-ஆஃப் சுவிட்ச் மூலம் முழு மின்னமைப்பையும் துண்டித்துவிடுவது நன்று.

ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மின்னெடுத்தல்

இந்திய லாரிகளில் பேட்டரி கெடுவதற்கான காரணங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று இது. பாட்டுப் பெட்டி, கைப்பேசி மின்னேற்றி, சிறு விசிறி முதலியவற்றுள் பல 12 வோல்ட்டில் இயங்குவன. லாரியிலோ 24 வோல்ட். எனவே வயரிங் செய்பவர், இரு பேட்டரிகளுக்கும் நடுவே உள்ள இணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, கீழ்ப் பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொடுத்துவிடுகிறார். நெடுங்காலம் லாரிகள் கேபின் இன்றி வெறும் சட்டகமாகவே விற்கப்பட்டு, நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரப் பட்டறைகளில் கேபினும் பாடியும் கட்டப்பட்டன. அலங்கார விளக்கு, கூடுதல் ஒலிப்பான், பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் வயரிங்கும் அங்கேயே செய்யப்பட்டதால் இவ்வழக்கம் வேரூன்றியது.

இதன் விளைவு பின்வருமாறு. இரவில் கீழ்ப் பேட்டரி இறங்குகிறது, மேல் பேட்டரி இறங்குவதில்லை. காலையில் எஞ்சின் ஓடும்போது இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டமே பாய்கிறது. ஆல்டர்னேட்டர் இரண்டின் கூட்டு மின்னழுத்தமான 28 வோல்ட்டை மட்டுமே அறியும். அது எப்படிப் பிரிகிறது என்பதை அறியாது. கீழ்ப் பேட்டரி 13.2 வோல்ட்டில் நிற்க, முன்பே நிறைந்திருந்த மேல் பேட்டரி 14.8 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. கீழுள்ளது என்றும் நிறையாமல் சல்பேட்டு படிந்து சாகிறது. மேலுள்ளது மிகை மின்னேற்றத்தால் நீர் வற்றிச் சாகிறது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரு பேட்டரிகளுள் ஒன்றில் மட்டும் அடிக்கடி தண்ணீர் குறைவது இதன் அறிகுறி ஆகும்.

பழுதான ஒன்றை மட்டும் மாற்றிப் பழையதுடன் புதியதை இணைப்பது நிலைமையை மேலும் கெடுக்கும். இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றி வைத்தால் சமனின்மை தள்ளிப்போகுமேயன்றி நீங்காது. 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் மின்மாற்றுக் கருவி ஒன்றைப் பொருத்துவதே சரியான தீர்வு. இதன் விலை ஒரு பேட்டரியின் விலையில் சிறு பகுதியே. தற்காலத்தில் ஆலையிலேயே முழுமையாகக் கட்டப்பட்டு வரும் கேபின்களில் பலவற்றில் இக்கருவியோ 24 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் கைப்பேசி மின்னேற்றியோ இடம்பெறுகிறது.

வெற்றோட்டம்

ஆறு லிட்டர் அளவுள்ள இந்திய லாரி எஞ்சின் வெற்றோட்டத்தில் மணிக்குச் சற்றேறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசலை எரிக்கும். வட அமெரிக்கப் பெரு லாரிகளில் இது மணிக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர். எட்டு மணி நேர இரவுக்கு இங்கே பத்து லிட்டர் எனக் கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி வெப்ப ஆற்றல் அடங்கியுள்ளது. ஆக எரிந்தது 100 கிலோவாட்-மணி. மேலே கண்டபடி விசிறிக்கும் விளக்குகளுக்கும் வேண்டியது ஒரு கிலோவாட்-மணிக்கும் குறைவு. மீதம் முழுவதும் வெப்பமாகவும் புகையாகவும் போகிறது. பத்து லிட்டர் டீசல் எரிவதால் வெளிப்படும் கார்பன் டைஆக்சைடு ஏறத்தாழ 27 கிலோகிராம் ஆகும்.

பேட்டரி இறங்கிவிட்டதே என நள்ளிரவில் எழுந்து அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடும் வழக்கமும் உண்டு. இது எதிர்பார்க்கும் பயனைத் தருவதில்லை. வெற்றோட்ட வேகத்தில் ஆல்டர்னேட்டர் தன் முழு மின்னோட்டத்தைத் தராது. மேலும் ஈய-அமில பேட்டரி நிறைய நிறைய மின்னேற்றத்தை மெதுவாகவே ஏற்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறையப் பல மணி நேரம் ஆகும். பேட்டரியை உண்மையில் நிரப்புவது மறுநாளைய நீண்ட ஓட்டமே. நகருக்குள் சிறு தொலைவு ஓடி மீண்டும் மீண்டும் நிற்கும் வண்டிகளின் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

எஞ்சினுக்கும் நீண்ட வெற்றோட்டம் நல்லதன்று. எரியறை போதிய சூடு அடையாததால் டீசல் முழுதும் எரியாமல் கரி படிகிறது. எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயுடன் கலக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்கு ஏற்ப அமைந்த லாரிகளில் புகைக்கரி வடிகட்டி உள்ளது. போதிய வெப்பத்தில் ஓடும்போதுதான் இவ்வடிகட்டி தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாகும். இரவெல்லாம் வெற்றோட்டத்தில் நின்றால் அது விரைவில் அடைபட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும்.

எல்லா வெற்றோட்டமும் வீண் என்று கூறிவிட முடியாது. நீண்ட ஏற்றத்தை ஏறி வந்தபின் அல்லது வேகமாக ஓடி நின்றபின், எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது டர்போவின் சூட்டைத் தணிக்கவும் அதன் அச்சுக்கு எண்ணெய் கிடைக்கவும் உதவுகிறது. பழைய ஓட்டுநர்கள் கற்பித்த இவ்வழக்கம் சரியானதே. காற்று பிரேக் கொண்ட லாரியில் இரவில் காற்று கசிந்திருந்தால், காலையில் கலன் நிறையும்வரை எஞ்சினை ஓடவிட்டே ஆகவேண்டும். டிப்பர், கான்கிரீட் கலவை வண்டி ஆகியவற்றில் எஞ்சினே பணிக்கருவியையும் இயக்குகிறது. மாறாக, தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகம் போன்ற இடங்களிலிருந்து பனிக்கட்டியுடன் காப்புப் பெட்டியில் மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு நிற்கும்போது எஞ்சின் தேவையில்லை. எஞ்சினை மீண்டும் கிளப்ப ஆகும் டீசல், ஓடவிடுவதைவிட அதிகம் என்ற கருத்து பரவலாக உள்ளது. சூடான எஞ்சினைக் கிளப்ப ஆவது சில வினாடி வெற்றோட்டத்துக்குரிய டீசல்தான்.

டீசல் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 சூன் மாதத்தில், மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் முதற்பிரிவுப் பொருள்களுள் சேர்த்தது. லாரிகள் நெருக்கமாக நிற்கும் முனையத்தில் ஒருவர் எஞ்சினை ஓடவிட்டால், புழுக்கத்துக்காகச் சன்னலைத் திறந்து வைத்திருக்கும் பக்கத்து வண்டிக்காரரே அப்புகையை இரவெல்லாம் சுவாசிக்கிறார். கேபினை முழுவதும் மூடி எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதில் கூடுதல் ஆபத்து உண்டு. புகைபோக்கிக் குழாயில் கசிவு இருப்பின் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே சேர்ந்து உயிரைப் பறிக்கலாம்.

நிறுத்த விளக்குகள்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 109ஆம் விதி, நிறுத்த விளக்குகள் பற்றியது. முன்புறம் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்குகளும் பின்புறம் சிவப்பு விளக்குகளும் இருக்க வேண்டும் என்பதுடன், வண்டி சாலையில் நிற்கும்போதும் அவை எரிய வேண்டும் என்றும் இவ்விதி கூறுகிறது. இருளில் விளக்கின்றி நிற்கும் லாரியின் பின்புறத்தில் மோதும் கார்களும் இரு சக்கர வண்டிகளும் தமிழக, புதுச்சேரி நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறும் செய்தி.

விளக்கை அணைக்கும் ஓட்டுநர் பெரும்பாலும் அலட்சியத்தால் அதைச் செய்வதில்லை. காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் லோடு பிந்தும். மெக்கானிக்கை அழைக்கும் செலவு நேரும். உரிமையாளரிடம் பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் உறுதியாக நிகழக் கூடியவை. பின்னால் ஒருவர் வந்து மோதுவதோ, நிகழாமலும் போகலாம் என்று தோன்றுவது. முன் பகுதியில் கண்ட கணக்கின்படி, எல்இடி விளக்குகளுக்கு மாறிய லாரியில் இவ்வச்சத்துக்கு இடமே இல்லை. பத்து மணி நேரத்துக்கு ஐந்து ஆம்பியர்-மணி அளவே அவற்றின் செலவு. பேட்டரி உண்மையிலேயே தளர்ந்திருந்தால் அணைக்க வேண்டியவை பாட்டுப் பெட்டியும் அலங்கார விளக்குகளுமே.

வண்டியின் பின்னும் பக்கங்களிலும் ஒட்டப்படும் ஒளிதிருப்பும் பட்டைகள் மின்சாரம் இன்றியே பிறர் விளக்கொளியில் மின்னுவன. ஆனால் சேறும் சிமென்டுத் தூசும் படிந்த பட்டை ஒளிராது. தார்ப்பாய் தொங்கி அதை மறைப்பதும் பரவலாகக் காணப்படும் குறை.

வெப்பமும் கடற்காற்றும்

புதுச்சேரியில் பேட்டரிக்குக் குளிர் ஒரு சிக்கலன்று. வெப்பமே பகை. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் பேட்டரியினுள் நிகழும் அரிமான வினைகள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணிப்பு. கத்திரி வெயிலில் நிற்கும் லாரியின் பேட்டரிப் பெட்டி தார்ச் சாலையின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. நீர் விரைவில் ஆவியாவதால் கோடைக் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறையேனும் மட்டத்தைப் பார்த்து, வாலைவடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் சேர்ப்பதும் தவறு; ஆவியாவது நீரேயன்றி அமிலமன்று.

கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் பேட்டரி முனைகளில் வெண்பச்சை நிறப் பூப்பு விரைவாகப் படிகிறது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் செல்ஃப் எடுக்காமைக்கு இப்பூப்பும் தளர்ந்த முனைப்பிடிகளும் காரணமாவது மிகுதி. வெந்நீர் ஊற்றித் துடைத்து, முனையை இறுக்கி, வாசலைன் அல்லது கிரீசு பூசுவது வழக்கம். முதலில் சட்டகத்துடன் இணைந்த எதிர்முனையைக் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டினால் ஸ்பானர் பட்டுத் தீப்பொறி எழாது. மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து ஐதரசன் வளி வெளிவருவதால் பெட்டியருகே பீடி, சிகரெட்டுப் பிடிப்பது கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழிற்பேட்டைச் சாலைகளில் நீர் தேங்குவதுண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. பேட்டரிப் பெட்டி சட்டகத்தின் கீழ்மட்டத்தில் அமைந்திருப்பதால், இத்தகைய நாள்களில் மேட்டுப் பகுதியில் வண்டியை நிறுத்துவது தேவையாகிறது.

பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்புதல்

இயந்திர எரிபொருள் பம்பு கொண்ட பழைய லாரிகளைத் தள்ளியோ, மற்றொரு லாரியால் இழுத்தோ, இறக்கத்தில் உருளவிட்டோ கிளப்ப முடிந்தது. பேட்டரி தளர்ந்த வண்டியை ஓட்டுநர்கள் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவர். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில் இது எளிதன்று. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போதிய மின்னழுத்தம் இல்லையேல் எஞ்சின் எவ்வளவு சுழன்றாலும் டீசல் செலுத்தப்படாது.

மற்றொரு லாரியின் பேட்டரியிலிருந்து தடித்த கேபிள்களால் இணைத்துக் கிளப்புவதே இன்றைய வழி. இரண்டும் 24 வோல்ட் வண்டிகளாக இருத்தல் வேண்டும். நேர்முனையை நேர்முனையுடன் இணைத்தபின், எதிர்முனைக் கேபிளின் கடைசி முனையைப் பேட்டரியில் மாட்டாமல் சட்டகத்தில் மாட்டுவது தீப்பொறி ஆபத்தைத் தவிர்க்கும்.

சட்டங்கள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது எஞ்சினை நிறுத்திப் பிரேக்கைப் போட்டோ அதற்கு ஈடான பிற ஏற்பாடு செய்தோ வண்டி தானே நகராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இதன் நோக்கம் பாதுகாப்பே. எரிபொருளோ புகையோ இதில் குறிக்கப்படவில்லை.

பிரான்சில் 1963 நவம்பர் 12 நாளிட்ட ஆணை ஒன்று, நிறுத்தப்பட்ட வண்டிகள் தேவையின்றி எஞ்சினை ஓடவிடக் கூடாது என விதித்தது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்துவிட்டதால், ஓராண்டு இடைவெளியில் இவ்விதி இவ்வூருக்கு வராமற்போனது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2008 முதல் படுக்கை வசதி கொண்ட லாரிகளுக்கும் ஐந்து நிமிட வெற்றோட்ட வரம்பை நீட்டித்தது. அங்கு ஓட்டுநர்கள் துணை மின்னாக்கி, தனிப் பேட்டரி, முனையங்களில் மின்செருகி ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் இரவில் தங்க நேரும் இடங்களில் நிறுவனமே ஓய்வறை அமைத்துத் தரவேண்டும் என்றது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. ஓரிரு லாரிகளை மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர்கள் மிகுந்த தொழிலில் பெரும்பாலான ஓட்டுநர்கள் இதற்கு வெளியே நின்றனர். பின்னர் இச்சட்டம், தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024இல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 'அப்னா கர்' என்ற பெயரில் நெடுஞ்சாலை எரிபொருள் நிலையங்களில் ஓட்டுநர்களுக்கான தங்கும் அறைகளை அமைக்கத் தொடங்கின. படுக்கையும் விசிறியும் வெளியே கிடைக்குமானால் லாரியின் பேட்டரி நிறுத்த விளக்குகளுக்கு மட்டும் உழைத்தால் போதும்.

குளிரூட்டப்பட்ட கேபின்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகை லாரிகளின் கேபின் குளிரூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ளவை என்2 வகை. அதற்கு மேற்பட்டவை என்3 வகை. எஞ்சின் சூட்டுக்கு அருகிலேயே நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கும் மேல் அமர்ந்திருப்பவருக்கு இது நெடுநாள் தாமதித்து வந்த வசதி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஆலையில் பொருத்தப்படும் இக்குளிரூட்டியின் அமுக்கி எஞ்சினால் சுழற்றப்படுவது. எஞ்சினை நிறுத்தினால் குளிரும் நின்றுவிடும். பகலெல்லாம் குளிர்ந்த கேபினில் ஓட்டி வந்தவர், புழுக்கம் நிறைந்த புதுச்சேரியின் மே மாத இரவில் அதே கேபினில் கொசுவுக்காகச் சன்னலை அடைத்துக்கொண்டு உறங்க நேரும்போது, எஞ்சினை ஓடவிடும் எண்ணம் எழுவது இயல்பு. விசிறியை மட்டும் நம்பிய காலத்தில் வெற்றோட்டம் இந்திய லாரிகளில் பெரிய பழக்கமாகவில்லை. இனி அது வளர வாய்ப்புள்ளது.

பேட்டரியில் இயங்கும் நிறுத்தக் குளிரூட்டிகளும் சந்தையில் உள்ளன. இவை சராசரியாக 600 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு 4800 வாட்-மணி தேவை. லாரியின் இரு பேட்டரிகளிலும் உள்ள மொத்தமே 2880 வாட்-மணி எனக் கண்டோம். ஆகவே எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் இக்குளிரூட்டியை இணைத்தால் நள்ளிரவுக்குள் இரண்டும் நின்றுவிடும். இதற்கு ஆழ்ந்த இறக்கத்தைத் தாங்கும் தனிப் பேட்டரித் தொகுதி வேண்டும். இலித்தியம் இரும்பு பாசுபேட்டு பேட்டரிகள் இதற்கு ஏற்றவை. எனினும் அவற்றை மறுநாளைய ஓட்டத்துக்குள் நிரப்பப் போதிய திறனுள்ள ஆல்டர்னேட்டரும் தேவை. கேபின் கூரையில் சூரியத் தகடு பொருத்துவதுண்டு. 200 வாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 800 வாட்-மணி தரும். விசிறிக்கும் விளக்குக்கும் இது தாராளம். குளிரூட்டிக்கு ஏறத்தாழ 80 நிமிடங்களுக்கே போதுமானது.

குறித்த மின்னழுத்தத்துக்குக் கீழே இறங்கியதும் விசிறி, குளிரூட்டி முதலியவற்றைத் தானே துண்டித்து, எஞ்சினைக் கிளப்பப் போதிய இருப்பைக் காக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. இவற்றை இணைக்கும்போது நிறுத்த விளக்குகளின் கம்பியை இக்கருவியின் வழியே கொண்டுசெல்லாமல் தனியே விடவேண்டும். இல்லையேல் ஓட்டுநர் உறங்கும்போது வண்டி தானாகவே இருளில் மூழ்கிவிடும்.